மூன்று வருஷ கான்ட்ராக்ட்

கான்ட்ராக்ட் சமாசாரம் நமக்குப் புதுசில்லை. ‘ஆறே மாசம், சாவி உங்க கையில சார்’ என்று கையெழுத்துப் போடுவார்கள். மூன்றாவது வருஷம் போய்க் கேட்டால், ‘மணல் வரலை, கொத்தனாரு மச்சினிக்குக் கல்யாணம்’ என்று பதில் வரும். இந்த விஷயத்தில் நம் மேஸ்திரிகள் அத்தனை பேரையும் ஒரு லேடி டாக்டர் தூக்கிச் சாப்பிட்டிருக்கிறார். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்து, அந்த வேலையை அவர் உருப்படியாகச் செய்து முடித்தது 48-வது வருஷம்! இதற்காக யாரும் நஷ்ட ஈடு கேட்டு கேஸ் போடவில்லை. அந்த நாட்டு அரசாங்கம் கூப்பிட்டு கௌரவக் குடியுரிமை கொடுத்தது.

டாக்டரம்மா பெயர் கேதரின் ஹாம்லின். சிட்னிக்காரர். கணவர் ரெஜ் ஹாம்லின், நியூஸிலாந்தில் பிறந்தவர். இரண்டு பேருமே பிரசவ டாக்டர்கள். இரண்டு பேருக்குமே ஆழமான கிறிஸ்தவ நம்பிக்கை. வெளிநாட்டில் ஏழைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம், 1958-ல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில், ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்க வேண்டும், டாக்டர் தேவை, மூன்று வருஷம். 1959-ல் சின்னப் பையனான மகனையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கிவிட்டார்கள். அவருக்கு அப்போது வயது 51, அம்மாவுக்கு 35.

எத்தியோப்பியா என்றதும் நமக்கு ஞாபகம் வர வேண்டியது காப்பி. தினம் காலையில் நாம் ஆற்றிக் குடிக்கிறோமே, அந்தச் செடிக்குப் பூர்வீகம் அங்கேதான். அடுத்து, 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் செருப்பில்லாமல் மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கின அபேபே பிகிலா. மூன்றாவது விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யம். அந்த தேசத்து ராஜா கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டது நாலாம் நூற்றாண்டில்! ஐரோப்பாவில் பாதிப் பேர் மரத்தையும் இடியையும் கும்பிட்டுக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட ஊருக்குப் போய் ஒருத்தர் ‘ஏசு’ என்று பிரசங்கம் ஆரம்பித்தால், அது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

ஹாம்லின் தம்பதி ஊசி விற்கப் போகவில்லை. ஊசியால் தைக்கப் போனார்கள். எதைத் தைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

* * *

அவர்கள் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு இளவரசி செஹாய் பெயர். சக்கரவர்த்தி ஹெய்லி செலாஸியின் மகள். இங்கிலாந்தில் நர்ஸ் படிப்பு படித்த ராஜகுமாரி. 1942-ல் பிரசவச் சிக்கலில் இறந்துபோனார். ராஜா மகளுக்கு, அதுவும் நர்ஸுக்கே அந்தக் கதி என்றால், மலைக்கு அந்தப் பக்கம் ரோடே இல்லாத கிராமத்துப் பெண்ணின் கதி என்ன?

வந்து இறங்கின அன்றைக்கே அங்கிருந்த ஒரு மகப்பேறு டாக்டர் எச்சரித்தாராம்: ஃபிஸ்டுலா நோயாளிகளைப் பார்த்தால் உங்கள் மனசு உடைந்துவிடும் என்று. இவர்கள் அதுவரை ஒரு ஃபிஸ்டுலா கேஸைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவில் அது பாடப் புத்தகத்தில் மட்டும் இருந்த வியாதி.

அது என்ன ஃபிஸ்டுலா? கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டதால்தான் பாதி சங்கடமே.

பிரசவ வலி எடுக்கிறது. குழந்தையின் தலை இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்கிறது. நமக்கென்றால் சிசேரியன், அரைமணி நேரத்தில் சாக்லேட் பெட்டியோடு மாமனார் வெளியே வருவார். அங்கே டாக்டர் இல்லை, ரோடு இல்லை, ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று நாள் நடக்க வேண்டும். வலி ஒரு நாள், இரண்டு நாள், அஞ்சு நாள் என்று நீள்கிறது. குழந்தையின் தலை ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். நடுவில் நசுங்குகிற சதைக்கு ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் செத்துப்போகிறது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. சில நாளில் செத்த சதை உதிர்ந்து, மூத்திரப்பைக்கும் பிறப்பு வழிக்கும் நடுவே ஓர் ஓட்டை விழுகிறது. சில பேருக்கு மலக்குடலிலும். அவ்வளவுதான். அப்புறம் ராத்திரி பகல் ஒழுகல்தான். அடக்கவே முடியாது. தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்ப்பார்கள், நாற்றம்தான் அதிகமாகும். நரம்பு அடிபட்டு, சில பேருக்குக் காலும் இழுத்துக்கொள்ளும்.

அந்தப் பெண்ணுக்கு வயது எவ்வளவு இருக்கும் என்கிறீர்கள்? பல பேருக்குப் பதினாறு, பதினேழு.

புருஷன் கொஞ்ச நாள் பார்ப்பான், அப்புறம் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவான். பிறந்த வீட்டில் தனிக் குடிசை. பஸ்ஸில் ஏறினால் மற்ற பயணிகள் இறக்கிவிடுவார்கள். கோயிலுக்குப் போக முடியாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவள் தன்னைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்திருப்பாள்: இது கடவுள் கொடுத்த சாபம், நான் என்னமோ பாவம் பண்ணியிருக்கேன்.

இந்த இடத்தில்தான் ஹாம்லின் தம்பதியின் மிஷனரி ஊழியம் ஆரம்பமாகிறது. (எந்த மிஷன் சங்கமும் அவர்களை அனுப்பவில்லை. எத்தியோப்பிய அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, வேலைக்கு வந்தவர்கள்.) அவர்கள் செய்த பிரசங்கம் மொத்தமே ஒரு வரிதான்: ‘இது சாபம் இல்லேம்மா, ஓட்டை. ஓட்டையைத் தைக்கலாம்.’

யோசித்துப் பாருங்கள். பாவத்தை மன்னிக்கிறேன் என்று சொல்ல உலகத்தில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். நீ பாவமே பண்ணலை என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

* * *

தைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள், சரி. எப்படி? இவர்களுக்கே தெரியாதே!

ஃபிஸ்டுலாவைத் தைக்கிற வித்தையைப் பிரபலப்படுத்தினவர் அமெரிக்காவில் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர். 1840-களில். அவர் தொழில் பழகினது கறுப்பின அடிமைப் பெண்கள் மேல், மயக்க மருந்து இல்லாமல், ஒரே பெண்ணுக்குப் பல தடவை. வைத்திய சரித்திரத்தில் இப்படியும் சில பக்கங்கள். பிற்பாடு அவர் நியூயார்க்கில் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். சிசேரியன் பத்திரமான ஆபரேஷனாக மாறினதும் பணக்கார நாடுகளில் இந்த வியாதியே மறைந்து போச்சு. அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் பிறகு ‘வால்டார்ஃப் அஸ்டோரியா’ ஹோட்டல் வந்துவிட்டது. ஒரு வியாதி ஒழிந்ததற்கு அத்தாட்சியாக அஞ்சு நட்சத்திர ஹோட்டல்!

அதனால் ஹாம்லின் தம்பதி உட்கார்ந்து படித்தார்கள். பழைய மருத்துவப் புத்தகங்கள், கட்டுரைகள், படங்கள். அதில் முக்கியமானவை கெய்ரோவைச் சேர்ந்த நகிப் மஹ்ஃபூஸ் என்ற டாக்டருடையவை. எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருக்கிறதா? 1988-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கின எகிப்திய எழுத்தாளரும் நகிப் மஹ்ஃபூஸ்தான். அவர் பிறந்தபோது கஷ்டமான பிரசவம். காப்பாற்றின இந்த டாக்டரின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். டாக்டர் கிறிஸ்தவர், குழந்தை முஸ்லிம் வீட்டுக் குழந்தை. கெய்ரோவில் 1911-ல் நடந்த சங்கதி.

படித்தார்கள், தைத்தார்கள், தேறினார்கள். ஒரு பெண் உலர்ந்த புடவையோடு... மன்னிக்கவும், அங்கே புடவை கிடையாது, வெள்ளைப் பருத்தி உடை... ஊர் திரும்பினாள். அவள் சொல்லி அடுத்த மலையிலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் சொல்லி இன்னும் நாலு பேர். விளம்பரச் செலவு பூஜ்யம். நடந்து வந்தவர்கள், கழுதை மேல் வந்தவர்கள், பஸ் காசுக்காகப் பிச்சை எடுத்து வந்தவர்கள்.

மூன்று வருஷம் ஓடிப்போச்சு. பெட்டி கட்டவில்லை. 1974-ல் ஃபிஸ்டுலாவுக்கென்றே தனி ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தார்கள் போங்கள்! அதே 1974-ல்தான் ராணுவம் புரட்சி பண்ணிச் சக்கரவர்த்தியை இறக்கியது. வெள்ளைக்காரர்கள் பலர் விமானம் ஏறினார்கள். ஊரில் துப்பாக்கிச் சத்தம். இவர்கள் இருந்தார்கள். பஞ்சம் வந்தது, உள்நாட்டுப் போர் வந்தது, 1991-ல் அந்த ராணுவ ஆட்சியும் போனது. அப்போதும் இருந்தார்கள்.

அக்கவுண்டன்ஸியில் எங்களுக்கு ‘கோயிங் கன்சர்ன்’ என்று ஒரு தத்துவம் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு கம்பெனி நாளைக்கும் நடக்கும், அடுத்த வருஷமும் நடக்கும் என்று நம்பித்தான் கணக்கு எழுத வேண்டும். நாளைக்கே இழுத்து மூடிவிடுவார்கள் என்று நினைத்து எழுதக் கூடாது. பி.காம். பாஸ் பண்ண இரண்டு மார்க் கேள்வி. விசுவாசம் என்று பைபிள்காரர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

* * *

டாக்டரம்மாவின் ஒரு நாள் எப்படி இருக்கும்? பெரிய அதிசயம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே சின்ன வீடு. விடிந்ததும் பைபிள், பிரார்த்தனை. அப்புறம் வார்டு. அடிஸ் அபாபா நம்ம ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிற ஊர், குளிரும். அதனால் பெண்கள் எல்லாரும் கலர் கலராகப் பின்னின கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தோட்டத்தில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூத்திரக் குழாய் இரண்டு வாரம் இருக்கும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும். வருஷக் கணக்காகத் தாகத்தை அடக்கிப் பழகினவர்கள் இல்லையா, தண்ணீரைக் கண்டாலே பயம். அவர்களைத் தாஜா பண்ணிக் குடிக்க வைக்கிற நர்ஸ் உதவியாளர்களில் பல பேர், முன்பு இதே கட்டிலில் படுத்திருந்த நோயாளிகள்தான். ‘நானும் உன்னை மாதிரித்தான் வந்தேன்’ என்று அவர்கள் சொன்னால் போதும். எந்த டாக்டரின் சர்ட்டிபிகேட்டும் அதற்கு ஈடாகாது.

ஆபரேஷன் டேபிளில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்து, உள்ளே கைவிரல் நுழைகிற இடத்தில் பொறுமையாகத் தையல். குழாயை எடுக்கிற நாள்தான் ரிசல்ட். படுக்கை உலர்ந்திருந்தால் பாஸ். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பாஸ். பீஸ் கிடையாது. ஊருக்குக் கிளம்பும்போது புதுத் துணி ஒன்று, பஸ் காசு. அந்தப் புதுத் துணியைச் சும்மா தர்ம காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். வருஷக் கணக்காக ஈரத் துணி உடுத்தினவளுக்கு, அது இரண்டாவது ஆபரேஷன்.

வந்தவர்களில் பெரும்பாலோர் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள். தைத்து அனுப்புகிற டாக்டரம்மாவோ ஆங்கிலிகன் சபை. குழாயை எடுத்தபின் அவரவர் கடவுளிடம் அவரவர் திரும்பிப் போனார்கள். முன்பு வாசலோடு நின்றவர்கள் இப்போது உள்ளே போக முடிந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

* * *

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் மமிட்டு காஷே.

எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். 1962-ல், பதினாறு வயசு வாக்கில், நாள் கணக்கில் நீண்ட பிரசவ வலிக்குப் பிறகு குழந்தையையும் இழந்து, மோசமான காயங்களோடு வந்து சேர்ந்தார். பல ஆபரேஷன்கள் செய்தும் முழுசாகக் குணமாகவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டார். சும்மா இருக்க முடியாமல் படுக்கை விரித்தார். அப்புறம் ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துக் கொடுத்து, எந்தக் கருவி எப்போது என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே நீட்ட ஆரம்பித்தார். ஒரு நாள் ரெஜ் ஹாம்லின் இந்தப் பெண்ணையே தையல் போடச் சொல்லிப் பார்த்தார். போட்டார். பிரமாதமாகப் போட்டார்.

போகப் போக முழு ஆபரேஷனையும் அவரே செய்தார். வெளிநாட்டிலிருந்து பட்டம் வாங்கின டாக்டர்கள் வந்து அவரிடம் தொழில் கற்றுக்கொண்டு போனார்கள். 1989-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஹாம்லின் தம்பதியோடு மமிட்டுவுக்கும் சேர்த்துத் தங்க மெடல் கொடுத்தது. இதில் வேடிக்கை, எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு அவர் நைட் ஸ்கூல் போனது டாக்டர்களுக்கே டாக்டரான பிற்பாடுதான்! பகலில் சர்ஜன்களுக்கு வாத்தியார், ராத்திரியில் சின்ன க்ளாஸ் மாணவி.

மமிட்டுவை உருவாக்கினது ஹாம்லின் தம்பதி என்று சொல்லலாம். எனக்கென்னவோ அது முழுசாகச் சரியில்லை என்று படுகிறது. படிக்காத நோயாளி கையில் ஊசியைக் கொடுக்கிற தைரியம் அவர்களுடையது. ஆனால் ஊசி பிடித்த கை மமிட்டுவுடையது. வெள்ளைக்கார டாக்டர் ஆப்பிரிக்காவைக் காப்பாற்றின கதைகளில் இந்தக் கையை மறந்துவிடுவார்கள்.

* * *

1993-ல் ரெஜ் காலமானார். அம்மாவுக்கு 69. மூட்டை கட்டிவிட்டு சிட்னி திரும்ப எல்லா நியாயமும் இருந்தது. திரும்பிவிடலாமா என்று மனசு தடுமாறியிருக்கிறார். வீட்டு வேலை பார்த்தவர் வந்து, எங்களை விட்டுப் போகாதீர்கள், நாங்கள் எல்லாரும் உதவி செய்கிறோம் என்று சொன்னாராம். நின்றுவிட்டார்.

ரிட்டயர்மென்ட் வயசுக்கு அப்புறம் அவர் செய்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தால் நமக்குக் களைப்பாக இருக்கிறது. 2002-ல் ‘டெஸ்டா மெண்டர்’. மகிழ்ச்சி கிராமம் என்று அர்த்தம். எத்தனை ஆபரேஷன் செய்தாலும் குணமாகாதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வேலை கற்றுக்கொண்டு சொந்தக் காலில் நிற்பதற்கு ஓர் ஊர். பிறகு பஹிர் டார், மெக்கெலே, யிர்கலெம், ஹரார், மெட்டு என்று அஞ்சு இடங்களில் கிளை ஆஸ்பத்திரிகள்.

ஆனால் எத்தனை தைத்தாலும் ஓட்டைகள் வந்துகொண்டேதான் இருந்தன. காரணம் முதலிலேயே தெரிந்ததுதான். 1959-ல் எதற்காக வந்தார்கள்? மருத்துவச்சிப் பள்ளிக்கூடம் நடத்த. அதை ஆரம்பிக்கத்தான் ஆரம்பித்தார்கள். சுமார் பத்துப் பேர் படித்து முடிப்பதற்குள் அரசாங்கம் மூடிவிட்டது. கணக்குப் புத்தகத்தில் அந்த வரி மட்டும் நிலுவையிலேயே கிடந்தது.

2007-ல் கேதரின் ஹாம்லின் மருத்துவச்சிக் கல்லூரியைத் திறந்தார். வயது 83. கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, பட்டப் படிப்பு கொடுத்து, திரும்பவும் அவர்கள் பிரதேசத்துக்கே வேலைக்கு அனுப்புகிற ஏற்பாடு. வலி நீண்டுகொண்டே போனால் மூன்றாம் நாள் வரைக்கும் காத்திருக்காமல், முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஊரில் ஒருத்தி இருந்தால், தைக்க வேண்டிய ஓட்டையே விழாது. எந்த முதலாளியாவது தன் கடைக்கு வாடிக்கையாளர் வரவே கூடாது என்று எதிர்க் கடை வைப்பாரா? இந்த அம்மா வைத்தார். 1959-ல் எடுத்த கான்ட்ராக்ட் அன்றைக்குத்தான் நிஜமாக நிறைவேறியது.

தொண்ணூறு வயது தாண்டியும் ஆபரேஷன் செய்தவர், 2020 மார்ச் 18-ல், அடிஸ் அபாபாவில், தன் வீட்டிலேயே காலமானார். வயது 96. அதுவரை அந்த ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்ற பெண்கள் 60,000-க்கும் மேலே.

வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ஃபிஸ்டுலா ஒழிப்பு தினம் என்று ஐ.நா. சபை மே 23-ஐ ஒதுக்கி 2013 முதல் அனுசரித்து வருகிறது. ஒழிந்த வியாதிக்கு யாரும் தினம் கொண்டாடுவதில்லை. அவர் போன வருஷமே நவம்பரில் டிக்ரே பகுதியில் போர் மூண்டது. மெக்கெலே அங்கேதான் இருக்கிறது. ரோடு அடைபட்டால் முதலில் மாட்டிக்கொள்வது பிரசவ வலி எடுத்த பெண்தான். அதற்கு எந்தக் கட்சியும் தெரியாது, எந்தப் படையும் தெரியாது.

இருந்தாலும் அந்தக் கல்லூரியில் படித்த பெண்கள் எத்தியோப்பியக் கிராமங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு ராத்திரி ஏதாவது ஒரு மலையூரில் ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கும். மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்ப்பாள், மணி பார்ப்பாள், ‘இது சரிப்படாது, கிளம்பு’ என்பாள். விடிவதற்குள் தாயும் பிள்ளையும் பிழைத்துவிடுவார்கள். அந்தத் தாய்க்குக் கடைசி வரைக்கும் கேதரின் ஹாம்லின் யார் என்றே தெரியாமல் போகும்.

தெரியாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும்.